மணிக்கட்டுக்கு மேலே அறுந்த நடு நரம்பு: பீடி சுற்றும் ஒரு கையின் நிகழ்வு ஆய்வு

இந்த நோயாளி 36 வயதுப் பெண். முக்கூடல் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நாள் முதல் பீடி சுற்றி வருகிறார். காயம் படுவதற்கு முன்னர் நாளொன்றுக்கு எழுநூறு, எண்ணூறு பீடி சுற்றிக் கடையில் கொடுத்து வந்ததாகச் சொன்னார். வலது கைப் பழக்கம் உள்ளவர். சர்க்கரை நோயோ, தைராய்டு குறைபாடோ, உணர்வற்ற தேமலோ அவருக்கு இல்லை. குடும்பத்திலும் நரம்பு நோய் வரலாறு இல்லை. அடையாளம் வெளிப்படாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதுவதற்கு அவர் சம்மதம் தந்திருக்கிறார்.

மருத்துவ மாணவர்களும் காயத்துக்குத் தையல் போடும் மருத்துவர்களும் படிக்க வேண்டும் என்று எண்ணி இதை விரிவாக எழுதுகிறேன். அறுந்த நரம்பின் கீழ்ப்பகுதி சில நாட்கள் உயிரோடு இருந்து நம்மை ஏமாற்றுகிறது. பிறகு ஓர் ஒழுங்கோடு தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. அந்த அழிவு சரியாக நடந்தால்தான் புதிய இழை வளர வழி கிடைக்கிறது. இவற்றுள் முதலாவது தெரியாமல் போனதால் இந்தப் பெண்ணுக்குச் சிகிச்சை தாமதமானது. மற்ற இரண்டும் அவருடைய விரல்கள் ஓரளவேனும் மீண்டதற்குக் காரணமாயின.

காயமும் முதல் சிகிச்சையும்

எண்ணெய் வாங்கிய கண்ணாடி பாட்டிலோடு வீடு திரும்பியவர், கழுவிவிட்டிருந்த வாசற்படியில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். உடைந்த பாட்டிலின் விளிம்பு வலது முன்கையின் உட்புறத்தில், மணிக்கட்டு மடிப்புக்கு ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் மேலே, குறுக்காகக் கிழித்தது. அருகிலிருந்த மருத்துவமனை ஒன்றில் காயத்தைக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு, தோலுக்குத் தையல் இட்டார்கள். விரல்களை மடக்கச் சொன்னார்கள். ஐந்து விரல்களையும் மடக்கினார். அதைக் கொண்டு நரம்புக்குச் சேதம் இல்லை என்று முடிவு செய்யப்பட்டது. விரல்கள் மரத்திருப்பதாக அவர் சொன்னபோது, வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மரப்பு விடவில்லை. மூன்றாம் நாள் வேறோர் இடத்தில், நரம்பு மின்துடிப்பைக் கடத்துகிறதா என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை செய்துகொண்டார். அந்த அறிக்கையை நான் பார்த்தேன். மணிக்கட்டில் மின்தூண்டல் கொடுத்து, கட்டைவிரல் அடித் தசையில் பதிவு செய்திருந்தார்கள். பதிவின் உயரம் இடது கையை விடச் சற்றே குறைவு. சுட்டு விரலில் எடுத்த உணர்வுப் பதிவு இடது கையோடு ஒத்தே இருந்தது. ‘நடு நரம்பில் குறிப்பிடத்தக்க சேதம் இல்லை’ என்பது அறிக்கையின் முடிவு. (நடு நரம்பு என்பது முன்கையின் நடுவே ஓடி, கட்டைவிரல் பக்கத்து மூன்றரை விரல்களுக்கு உணர்வு தரும் நரம்பு.) அந்தக் காகிதத்தை நம்பி அவர் மேலும் இரண்டு வாரம் காத்திருந்தார்.

பாளையங்கோட்டையில் நாங்கள் பார்த்தபோது கண்டவை

காயம் பட்ட 17ஆம் நாள் அவர் வந்தார். தையல் பிரிக்கப்பட்டுக் காயம் நன்றாக ஆறியிருந்தது. அவர் முதலில் சொன்னது மரப்பைப் பற்றி அல்ல. “இலையைத் தண்ணியில நனைச்சு எடுத்தா சுண்டு விரலு சுருங்கிருது டாக்டரம்மா, இந்த மூணும் சுருங்கவே மாட்டேங்கு” என்று கட்டைவிரலையும் சுட்டு விரலையும் நடுவிரலையும் காட்டினார். பல பக்கங்களில் எழுதக்கூடிய ஒரு கண்டறிதலை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நீரில் ஊறிய விரல் நுனி சுருங்குவதற்குத் தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் இறுக வேண்டும். அந்தக் குழாய்களை இயக்கும் தானியங்கு நரம்பிழைகள், விரலுக்கு உணர்வைத் தரும் அதே நரம்பின் வழியாகவே போகின்றன. நரம்பு அறுந்தால் விரல் சுருங்காது. 1973 முதல் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கும் இந்தச் சோதனைக்கு ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீர் போதும், குழந்தைகளுக்கும் பயன்படும்.

வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் கையை வைத்திருக்கச் சொல்லிப் பார்த்தோம். சுண்டு விரல் நுனியில் வரி வரியாகச் சுருக்கம். மற்ற மூன்று விரல் நுனிகளும் வழவழப்பாகவே இருந்தன. உலர்ந்த பின்னர் தொட்டுப் பார்த்தால் அந்த மூன்று நுனிகளிலும் வியர்வைப் பிசுபிசுப்பே இல்லை. பேனாவின் பிளாஸ்டிக் உடலை அவற்றின் மேல் இழுத்தால் தடையின்றி வழுக்கிக்கொண்டு போயிற்று. மோதிர விரல் இன்னும் தெளிவான சான்று தந்தது: கட்டைவிரல் பக்கத்துப் பாதியில் பஞ்சின் தொடுகையும் ஊசியின் குத்தலும் தெரியவில்லை, சுண்டு விரல் பக்கத்துப் பாதியில் இரண்டும் நன்றாகத் தெரிந்தன. ஒரே விரலை நடுவில் இப்படிப் பங்கிடுவது நடு நரம்பும் சுண்டு விரல் பக்கத்துக்குரிய அல்நார் நரம்பும் சந்திக்கும் எல்லைதான். வீக்கத்தால் வரும் மரப்பு இவ்வளவு நேராகக் கோடு போடாது. கட்டைவிரல் அடியில் உள்ள உள்ளங்கைத் தோலிலும் உணர்வு இல்லை. அந்தத் தோலுக்குரிய கிளை மணிக்கட்டுக்குச் சில சென்டிமீட்டர் மேலேயே பிரிந்துவிடுவது. ஆகவே சேதம் அதற்கும் மேலே இருக்க வேண்டும். தழும்பு இருந்த இடமும் அதுவே.

விரல்கள் மடங்கியது எப்படி என்ற கேள்விக்கு விடை எளிது. விரல்களை மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன; அவற்றுக்கான நரம்புக் கிளைகள் முழங்கைக்கு அருகிலேயே பிரிந்துவிடுகின்றன. முன்கையின் அடிப்பகுதியில் நடு நரம்பு முழுவதுமாக அறுந்தாலும் விரல்கள் மடங்கும். இழப்பது கட்டைவிரலை உள்ளங்கையிலிருந்து மேலே தூக்கி மற்ற விரல்களுக்கு எதிராகத் திருப்பும் அசைவை. கையை மேசைமேல் மல்லாத்தி வைத்து, கட்டைவிரலை நேர் மேலே உயர்த்தி என் விரலைத் தொடச் சொன்னேன், அவரால் முடியவில்லை. விரலை மடக்கச் சொல்லிப் பார்ப்பது, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கான சோதனை. நரம்புக்குப் பஞ்சும் இந்தக் கட்டைவிரல் அசைவும் தேவை. தையல் ஊசியை எடுப்பதற்கு முன்னர், மரத்துப்போகும் ஊசி போடுவதற்கும் முன்னர், இதற்கு ஒரு நிமிடம் ஒதுக்காமல் எந்த மணிக்கட்டுக் காயத்தையும் மூடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நரம்புக் கடத்தல் சோதனையை மீண்டும் செய்தோம். மணிக்கட்டில் தூண்டினாலும் பதிவு இல்லை; முழங்கையில் தூண்டினாலும் இல்லை. உணர்வுப் பதிவும் இல்லை. அல்நார் நரம்பு முழு நலத்தோடு இருந்தது. கட்டைவிரல் அடித் தசையில் ஊசி மின்முனையைச் செலுத்தியபோது, தசை ஓய்வில் இருக்கையிலேயே நரம்பிழந்த தசைநார்களின் தன்னிச்சையான சிறு துடிப்புகள் திரையில் நிறைந்தன. முயன்று அசைக்கச் சொன்னபோது ஓர் இயக்க அலகின் (ஒரு நரம்புச் செல்லும் அது இயக்கும் தசை இழைகளும் சேர்ந்தது) துடிப்பும் எழவில்லை. கட்டைவிரல் நுனியை மடக்கும் தசையோ இயல்பாக இருந்தது. மூன்றாம் நாள் எந்த இடத்தில் தூண்டிப் பதிவு கிடைத்ததோ, அதே இடத்தில் 17ஆம் நாள் எதுவுமே கிடைக்கவில்லை. முதல் அறிக்கையின் எண்கள் பொய்யல்ல. அவற்றுக்குக் கொடுத்த பொருள்தான் தவறு.

இடையில் நரம்புக்குள் நடந்தது

நரம்புச் செல்லின் உடல் தண்டுவடத்தின் முன்பகுதியிலோ, தண்டுவடத்தை ஒட்டிய முடிச்சிலோ இருக்கிறது. அங்கிருந்து விரல் நுனி வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரே இழை ஓடுகிறது. இழைக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி செல் உடலில் உருவாகி, இழை வழியாகக் கீழே கடத்தப்பட வேண்டியவை. கன்னடியன் கால்வாயின் தலைமடையை அடைத்த பிறகும், வாய்க்காலில் நிற்கும் தண்ணீர் சில நாளைக்குக் கடைமடை வயலை ஈரமாக வைத்திருப்பதைப் போல, அறுபட்ட இழையின் கீழ்ப்பகுதி முன்பே வந்து சேர்ந்த கையிருப்பைக் கொண்டு சில நாட்கள் இயங்குகிறது. அந்த நாட்களில் வெட்டுக்குக் கீழே மின்தூண்டல் கொடுத்தால் மின்துடிப்பு கீழ்நோக்கிப் போகவே செய்யும். மூன்றாம் நாள் சோதனையில் தூண்டல் புள்ளியும் பதிவுப் புள்ளியும் வெட்டுக்குக் கீழேயே இருந்தன. முழங்கையிலும் ஒரு தூண்டல் கொடுத்திருந்தால், மின்துடிப்பு வெட்டைக் கடக்க முடியாமல் நின்றது அன்றே தெரிந்திருக்கும்.

மனித நரம்புகளில் இந்தக் கெடுவுக்கு ஓரளவு திட்டமான கணக்கு உண்டு. தசையில் எடுக்கும் பதிவு 3 முதல் 5 நாட்களில் பாதியாகி, 9ஆம் நாளுக்குள் மறைந்துவிடுகிறது. உணர்வுப் பதிவு 7ஆம் நாள் வாக்கில் பாதியாகி, 11ஆம் நாளுக்குள் மறைகிறது. தசைப் பதிவு முந்திப் போவதற்குக் காரணம், நரம்பும் தசையும் கூடும் சந்திப்பு நரம்பிழைக்கு முன்பே செயலிழப்பது. நரம்பிழந்த தசையின் தன்னிச்சைத் துடிப்புகள் தோன்ற, வெட்டுக்கும் தசைக்கும் இடைப்பட்ட தொலைவைப் பொறுத்து, 10 நாள் முதல் 3, 4 வாரம் வரை ஆகும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு முதல் அறிக்கையைப் படித்தால், தசைப் பதிவு சற்றே குறைந்தும் உணர்வுப் பதிவு முழுதாகவும் இருந்தது அறுந்த நரம்பின் மூன்றாம் நாளுக்கு அப்படியே பொருந்துகிறது.

அறுந்த நரம்பு கீழ்நோக்கிச் சிதைவதை முதலில் முறையாக விவரித்தவர் ஆங்கிலேய உடலியல் அறிஞர் அகஸ்டஸ் வாலர். தவளையின் நாக்குக்குச் செல்லும் நரம்புகளை வெட்டி, நாட்கள் செல்லச் செல்ல அவற்றின் இழைகள் துண்டு துண்டாக உடைவதை நுண்ணோக்கியில் கண்டு 1850இல் லண்டனில் வெளியிட்டார். வாலரியன் சிதைவு என்ற பெயர் அவரால் வந்தது. அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, உணவு கிட்டாமல் இழை வாடிப்போகிறது என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 1989இல் விவரிக்கப்பட்ட ஒரு வகைச் சுண்டெலி அந்த எண்ணத்தைக் கலைத்தது. சாதாரணச் சுண்டெலியில் அறுந்த இழை ஒன்றிரண்டு நாளில் நொறுங்கிவிட, இந்த வகையில் மட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் குலையாமல் நின்றது. செல் உடலோடு தொடர்பே இல்லாத ஓர் இழை அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க முடியும் என்றால், சாதாரண இழை பட்டினியால் மட்டும் மடியவில்லை, அதனுள் இருக்கும் ஏதோ ஒன்று அதை அழிக்கிறது என்று பொருள்.

அந்த ஏதோ ஒன்றின் முக்கியப் பகுதி 2012இல் தெரியவந்தது. சார்ம்1 என்னும் புரதம் நலமான இழைக்குள்ளும் இருக்கிறது, ஆனால் அடங்கிக் கிடக்கிறது. அதை அடக்கி வைக்க உதவும் என்எம்நாட்2 என்னும் நொதி மிகக் குறுகிய ஆயுள் கொண்டது. செல் உடலிலிருந்து ஓயாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். நரம்பு அறுந்ததும் வரத்து நிற்கிறது. சில மணி நேரத்தில் இருப்பு குறைகிறது. அந்த நொதி பயன்படுத்தித் தீர்க்க வேண்டிய மூலப்பொருள் தேங்குகிறது. தேக்கம் சார்ம்1ஐ எழுப்புகிறது. எழுந்த சார்ம்1, செல்லின் ஆற்றல் உற்பத்திக்கு இன்றியமையாத என்ஏடி மூலக்கூறுகளைச் சிதைத்துத் தீர்க்கிறது. ஆற்றல் வற்றியதும் கால்சியம் உள்ளே பாய்கிறது. கால்சியத்தால் தூண்டப்படும் கால்பெயின் நொதிகள் இழையின் உட்சட்டகத்தை வெட்டுகின்றன. வெளியில் ஒரு மாற்றமும் தெரியாமல் கடக்கும் முதல் நாட்களுக்குள் இந்தத் தொடர் நடந்து முடிகிறது; அதன் பிறகு இழை நீளவாக்கில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நொறுங்குகிறது.

இழை நொறுங்கிய பிறகு நடப்பவை இந்த நோயாளிக்கு அதிக முக்கியமானவை. இழையைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்பு மிகுந்த உறையைக் கட்டிக் காப்பவை ஷ்வான் செல்கள். இழை போனதும் இவை மயலின் உற்பத்தியை நிறுத்தி, தாம் கட்டிய உறையைத் தாமே செரிக்கத் தொடங்குகின்றன. முதல் வாரத்தில் மயலின் அழிவின் பெரும்பங்கை இவையே செய்கின்றன. இவை விடும் இரசாயன அழைப்பைக் கேட்டு இரத்தத்திலிருந்து வரும் பெருவிழுங்கிச் செல்கள் மீதியைத் துப்புரவு செய்கின்றன. மயலின் மிச்சத்தில் இழை வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதால் இந்தத் துப்புரவு கட்டாயம். தண்டுவடத்திலும் மூளையிலும் இது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது. அங்கே அறுந்த இழை மீண்டும் வளராமைக்குரிய காரணங்களில் இதுவும் ஒன்று. கை நரம்பில் அப்படியல்ல. துப்புரவு முடிந்த குழல்களுக்குள் ஷ்வான் செல்கள் பெருகி, வரிசையாக நீண்டு படுத்து, மேலிருந்து வரும் புதிய இழைக்கு வேண்டிய வளர்ச்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. மேற்பகுதியிலோ சிதைவு அடுத்த ஒன்றிரண்டு கணுக்களோடு (மயலின் உறையில் இடையிடையே விழும் சிறு இடைவெளிகள்) பெரும்பாலும் நின்றுவிடுகிறது. செல் உடல் வீங்கி, உட்கரு ஓரத்துக்கு நகர்ந்து, செய்தி கடத்தும் வேலையை ஒதுக்கிவிட்டு இழை கட்டும் வேலையில் இறங்குகிறது.

மேலே சொன்ன சுண்டெலிகளில் இழை சிதைவது தாமதமானதால் மீள்வளர்ச்சியும், குறிப்பாக உணர்வு இழைகளில், தாமதமானது. சார்ம்1ஐத் தடுக்கும் மருந்துகளை உருவாக்கும் முயற்சிகள் இன்று நடக்கின்றன. புற்றுநோய் மருந்துகளால் வரும் நரம்புச் சேதம் போன்றவற்றில், இழை செல் உடலோடு இணைந்தே இருப்பதால், அவை பயன் தரும் என்று நானும் நம்புகிறேன். முழுதாக அறுந்த நரம்பில் நிலைமை வேறு: கீழ்ப்பகுதி பழையபடி ஒட்டிக்கொள்வதில்லை, அதன் இழைகள் விலகி இடம் தந்தாக வேண்டும். “அறுந்த நரம்பை இணைத்துவிட்டால் உடனே உணர்வு வராதா?” என்று கேட்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதைத்தான் விளக்குகிறேன்.

அறுவையில் கண்டவை

20ஆம் நாள் கை அறுவை மருத்துவரான என் சக மருத்துவர் தழும்பைத் திறந்தார். மணிக்கட்டின் உட்புறத்தில் ஓடும் மெல்லிய பால்மாரிஸ் தசைநாண் அறுந்து விலகியிருந்தது. விரல் மடக்கும் மேல்தசைநாண் ஒன்று பாதி அறுந்து தானாக ஒட்டியிருந்தது. நடு நரம்பு முழுவதுமாகத் துண்டாகியிருந்தது. மேல்முனை உருண்டு வீங்கி, கெட்டியாக, மஞ்சள் கலந்த வெண்மையில் இருந்தது. வழி தெரியாத புது முளைகள் ஒன்றின்மேல் ஒன்று சுருண்டு கிடக்கும் இடம் அது. கீழ்முனை மெலிந்து, பளபளப்பற்று, தழும்புத் திசுவில் புதைந்திருந்தது. இரண்டு முனைகளையும் நுண்ணோக்கியின் கீழ், நலமான இழைக்கற்றைகள் வெட்டுப்பரப்பில் புடைத்துத் தெரியும் வரை மெல்லிய சீவல்களாக வெட்டி எடுத்தார்.

கீழ்முனையிலிருந்து வெட்டிய சீவலை நோய்க்குறியியல் பிரிவில் நாங்கள் சேர்ந்து பார்த்தோம். முழு இழை ஒன்றுகூட இல்லை. குழல்களின் சுவர் மட்டும் குலையாமல் நிற்க, உள்ளே மயலின் முட்டை வடிவத் துணுக்குகளாக உடைந்து கிடந்தது. கொழுப்பை விழுங்கி நுரைத்துப் போன பெருவிழுங்கிச் செல்கள் அவற்றுக்கிடையே நிறைந்திருந்தன. ஷ்வான் செல்களின் நீண்ட உட்கருக்கள் குழலின் போக்கிலேயே வரிசை கட்டியிருந்தன. பழுதுபார்க்கும் வேலை பாதி நடந்துகொண்டிருக்கும் நரம்பு எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை பிறந்தது என்று சொல்வதில் தவறில்லை.

சீவி எடுத்த பின்னர் முனைகளுக்கிடையே 2.5 சென்டிமீட்டர் இடைவெளி விழுந்தது. மணிக்கட்டை மடக்கி வைத்து இழுத்துத் தைப்பதும் ஒரு வழிதான். ஆனால் இழுவிசையில் தைத்த நரம்பில் இரத்த ஓட்டம் குறைந்து தழும்பு கூடுகிறது என்பதால் அதைத் தவிர்த்தார். கணுக்காலின் வெளிப்புறத்தில் ஓடும் சூரல் நரம்பிலிருந்து நான்கு துண்டுகள் எடுத்து, கற்றைகளின் அமைப்பைப் பார்த்து இணைத்துப் பொருத்தினார். இந்த ஒட்டு நரம்பின் இழைகளும் புது இடத்தில் அதே வாலரியன் சிதைவுக்கு உள்ளாகின்றன. ஒட்டு நமக்குத் தருவது ஷ்வான் செல்கள் உயிரோடு வாழும் குழல்களை மட்டுமே. முதல் வாரத்திலேயே முனைகள் அகப்பட்டிருந்தால் நேர்த்தையலே போதுமாக இருந்திருக்கும். பாதத்தின் வெளி ஓரத்தில் அவருக்கு இன்றும் இருக்கும் மரப்பு வந்திருக்காது.

பின்தொடர்தல்

மூன்று வாரம் கட்டையிட்டுக் கையை அசையாமல் வைத்தோம். பிறகு ஒவ்வொரு வருகையிலும் நரம்பின் பாதையை விரல் நுனியால் கீழிருந்து மேலாக மெல்லத் தட்டி, எந்த இடத்தில் விரல்களை நோக்கி மின்சாரம் பாய்ந்தாற்போல் ‘சுர்’ரென்கிறது என்று குறித்து வந்தோம். பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் டினேல் 1915இல் விவரித்த இந்த அடையாளம், வளரும் இழை முனைகள் எதுவரை வந்திருக்கின்றன என்பதை ஒரு கருவியும் இல்லாமல் காட்டுகிறது. தொடக்கத் தாமதம் போக நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற பொதுக் கணக்கு ஏறத்தாழப் பொருந்தியது: இரண்டாம் மாத முடிவில் ஒட்டின் கீழ்த்தையலுக்குச் சற்றுக் கீழே, நான்காம் மாதத்தில் உள்ளங்கையின் நடுவில், ஏழாம் மாதத்தில் சுட்டு விரலின் அடி மடிப்பைத் தாண்டி, பத்தாம் மாதத்துக்குள் நுனியில்.

ஐந்தாம் மாதத்தில் கட்டைவிரல் அடித் தசையில் முதல் புதிய அலகுகள், சிறிதாகவும் பல முனைகளோடும், ஊசிப் பதிவில் தெரிந்தன. கண்ணுக்குத் தெரியும் அசைவு ஏழாம் மாதத்தில் வந்தது. தசையைப் பொறுத்தவரை காலம் ஓர் எல்லை. ஒன்று, ஒன்றரை ஆண்டுக்கு மேல் நரம்பின்றிக் கிடக்கும் தசை, பின்னால் நரம்பு வந்து சேர்ந்தாலும் பெரும்பாலும் எழுவதில்லை. கீழே காத்திருக்கும் ஷ்வான் செல்களும் மாதங்கள் கடக்கக் கடக்க ஊட்டும் திறனை இழக்கின்றன. வெட்டு மணிக்கட்டுக்கு அருகில் இருந்ததால் தொலைவு குறைவு. அது இவருக்குச் சாதகமாயிற்று. அக்குளில் அறுந்திருந்தால் கட்டைவிரல் தசையைப் பற்றி நான் இவ்வளவு நம்பிக்கை தந்திருக்க மாட்டேன்.

ஆறாம் மாதத்தில் சுட்டு விரல் நுனியில் பெரிய கொப்புளத்தோடு வந்தார். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியின் விளிம்பைப் பிடித்திருக்கிறார், சுட்டது தெரியவில்லை, இரவில் மகள் பார்த்துச் சொன்ன பிறகே தெரிந்தது. கொல்லிமலையில் பிறந்து வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்ந்து போவது உணர்வில்லாத விரல் அன்றாடம் படும் சூட்டாலும் வெட்டாலும்தான் என்று விளக்கி, வலி ஒரு பாதுகாப்பு என்பதை மருத்துவ உலகுக்குப் புரியவைத்தார். அறுவைக்குப் பிறகு உணர்வு திரும்பும் வரை உள்ள மாதங்களில் எங்கள் நோயாளிகள் எல்லோருக்கும் அந்தப் பாடம் பொருந்தும். சமையலுக்கு இடது கை, சட்டிக்குக் கட்டாயம் துணி, படுக்கும் முன் விரல்களை விளக்கொளியில் பார்த்துவிடுவது என்று அவருக்கும் மகளுக்கும் சேர்த்தே சொன்னோம். அதன் பின் சூட்டுக்காயம் இல்லை.

உணர்வு திரும்பிய வரிசையும் எதிர்பார்த்ததே: முதலில் குத்தலும் சூடும், பிறகு நகரும் தொடுகை, அதன் பிறகு அசையாத தொடுகை. மார்கழிக் குளிரில் அந்த மூன்று விரல்களும் வலித்ததாகச் சொன்னார்; மீளும் நரம்பில் அது வழக்கமானது. புதிய இழைகள் எல்லாம் பழைய குழலுக்கே போய்ச் சேர்வதில்லை. சுட்டு விரலின் ஓரத்தைத் தொட்டால் நடுவிரலில் தெரிந்தது. மூளை இந்தப் புது வரைபடத்தைக் கற்றாக வேண்டும் என்பதால், தொடுவுணர்வுப் பயிற்சி கொடுத்தோம். எங்கள் பிசியோதெரபிஸ்ட் முதலில் மருத்துவமனைப் பெட்டியில் இருந்த மரக்கட்டைகளையும் துணித்துண்டுகளையும் பயன்படுத்தினார். அவரிடமே நோயாளி வீட்டுச் சுளகைக் கொண்டுவந்தார்: நனைத்த இலை, காய்ந்த இலை, இலையின் நரம்பு புடைத்த பக்கம், வழவழப்பான பக்கம், தூள், கட்டு கட்டும் நூல். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் தொட்டுச் சொல்லி, தவறினால் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே மீண்டும் தொட்டுப் பழகினார். அந்தச் சுளகுக்குப் பிறகுதான் முன்னேற்றம் விரைந்தது என்பது அவர்கள் இருவரின் கருத்து. நானும் அதை ஏற்கிறேன்.

முடிவு பற்றிய மதிப்பீடு

16ஆம் மாதத்தில் கட்டைவிரலை எதிர்ப்புக்கு எதிராக உயர்த்த முடிகிறது; தசைவலு ஐந்துக்கு நான்கு. நீரில் ஊறினால் மூன்று விரல் நுனிகளும் மெலிதாகச் சுருங்குகின்றன. சுட்டு விரல் நுனியில் இரு புள்ளிகளைத் தனித்தனியே உணர அவற்றுக்கிடையே 11 மில்லிமீட்டர் வேண்டியிருக்கிறது. இடது கையில் 4 மில்லிமீட்டர் போதும். வயது வந்தவர்களின் ஒட்டு நரம்புக்கு இது நல்ல பலன் என்றே கொள்ள வேண்டும். பீடியின் வாயை மடக்கி மூடும் வேலைக்கு இது போதாது. இலையைச் சுருட்டுவது கண் பார்த்துக் கை செய்வது. மூடுவது விரல் நுனி தானாகச் செய்வது. ஆகவே அவர் சுருட்ட, மகள் மூடுகிறார். நாளுக்கு முந்நூறு பீடியைத் தாண்டுவதில்லை. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வீட்டில், பதினாறு மாதம் என்பது என்னவென்று மருத்துவக் குறிப்பில் எழுத இடம் இருப்பதில்லை, இங்கே எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் சோதனை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் செடன் 1940களில் நரம்புக் காயங்களை மூன்று வகையாகப் பிரித்தார்: கடத்தல் மட்டும் தற்காலிகமாக நிற்பது, இழை அறுந்து உறை நிற்பது, எல்லாமே அறுவது. முதல் வாரத்தில் எந்த மின்சோதனையாலும் இவற்றைப் பிரித்தறிய முடியாது. வெட்டுக்கு மேலும் கீழும் தூண்டிப் பார்த்தால் தடை இருப்பது தெரியும், அது எவ்வகைத் தடை என்பது தெரியாது. அடிபட்டோ அழுந்தியோ வந்த மரப்பில் மூன்று வாரம் பொறுத்திருந்து சோதிப்பது முறை. கண்ணாடியோ அரிவாளோ வெட்டி, அதே நேரத்தில் விரல் மரத்திருந்தால் பொறுத்திருக்கக் காரணமே இல்லை. சோதனைத்தாள் என்ன சொன்னாலும் காயத்தைத் திறந்து நரம்பைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

நலமான வேறொரு தசையின் நாணைக் கட்டைவிரலுக்குத் திருப்பும் தசைநாண் மாற்று அறுவை செய்யலாமா என்று குடும்பத்தார் கேட்டார்கள். தசைவலு இன்னும் கூடிக்கொண்டிருப்பதால் தேவையில்லை என்று அறுவை மருத்துவரும் நானும் ஒருமித்துச் சொன்னோம். தொடுவுணர்வு இரண்டு, மூன்று ஆண்டு வரையிலும் மெல்லக் கூர்மையாகக்கூடும் என்பதால், சுளகுப் பயிற்சியை விடாமல் தொடரச் சொல்லி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரு புள்ளிச் சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.